கறுப்புக் கரை வைத்த என் முகம்

ஒஸ்லோவில் பங்க் இசைக் குழுக்கள் கத்திப் பாடும் மண்டபம் ஒன்றை முன்பு நான்தான் துப்புரவு செய்தேன். சுவரில் ஒட்டிய நோட்டீசுகளைச் சுரண்டி எறிவதும் என் வேலை. எறிய மனம் வரவில்லை. தண்ணீர் தடவி முழுதாக உரித்து, ரொம்சோஸ் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, அவற்றைப் பார்த்தே படம் கீறப் பழகினேன். முகத்தைக் கறுப்பு மையால் கீறி, போட்டோகொப்பி எடுத்து, அந்தக் கொப்பியையும் கொப்பி எடுத்தால் சாம்பல் நிறமெல்லாம் ஓடிப்போய்க் கரி மட்டும் மிஞ்சும். பிறகு பத்திரிகை எழுத்துகளை வெட்டிக் கோணல்மாணலாக ஒட்ட வேண்டும்.

பங்க் குழுக்காரர் நோட்டீசில் பாட்டுக்காரரின் முகத்தைப் போட்டார்கள். நான் எங்கள் சனத்தின் முகங்களைக் கீறி, அவரவர் வாயில் வந்ததைக் கீழே ஒட்டினேன். "குளிர் என்னை என்ன செய்யும்? நான் மீனோடை நிண்டனான்!" இது நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த அக்கா சொன்னது. இப்போது எங்கள் கட்டடத்திலேயே, கீழ் மாடியில் இருக்கிறார்.

இந்த வசந்தத்தில், பக்கத்து ஸ்டோவ்னரில் படங்களை வைக்க ஒரு சின்ன அறை கிடைத்தது. என் முதல் கண்காட்சி. நோர்வேக்காரர் நாலு பேர் எப்படியும் வருவார்கள். முகத்துக்குச் சொந்தக்காரர் வராவிட்டால் அது என்ன கண்காட்சி? அந்தக் கவலையில் நோட்டீசைப் பெரிதாகவே செய்தேன். நடுவில் என் முகம், சுற்றிவர விரல் தடிப்பில் கறுப்புக் கரை, கொட்டை எழுத்தில் திகதி, நேரம், இடம். ஓவியக் கண்காட்சி என்பது மட்டும் மூலையில், சின்னதாக. தமிழ்க் கடைக் கதவில் ஒட்டினேன். அந்தக் கதவில் வழக்கமாக மரண அறிவித்தல்தான் ஒட்டுவார்கள் என்பது வீட்டுக்கு வரும்வரை உறைக்கவில்லை. வந்த பிறகும் உறைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கதவு மணி அடித்தது. திறந்தால் அந்த அக்கா, கண் சிவந்து, கையில் பெரிய சட்டியோடு. செத்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்களே என்று இடியப்பமும் சொதியும் செய்து கொண்டுவந்திருக்கிறார்.

"எட தம்பி! நீ சாகேல்லையோ?"

"இல்லை அக்கா. ஏன், சாகவேணுமோ?"

"கடைக் கதவிலை உன்ரை முகம் கிடக்குதடா, கறுப்புக் கரையோடை! நான் அழுதழுதெல்லோ தேங்காய்ப்பால் பிழிஞ்சனான்."

உள்ளேயிருந்து மனைவி, "இஞ்சருங்கோ, என்ரை போனுக்கும் ஏழு பேர் எடுத்திருக்கினம். என்ன செய்தனீங்கள்?" என்றாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, சமைச்சதைத் திருப்பிக் கொண்டுபோகேலாது. இருந்து சாப்பிடு" என்றார். அவருடைய முகமும் அங்கே தொங்கப்போகிறது என்றதும் நிமிர்ந்தார்.

"என்ரை முகமோ? இதை முதலே சொல்லுறதுக்கென்ன?"

அந்த இடத்திலேயே போனை எடுத்தார். காலையில் யார் யாருக்கு என் சாவைச் சொன்னாரோ, அத்தனை பேருக்கும் மறுபடி சொன்னார்: "ஆள் இருக்கிறான். படம் கீறியிருக்கிறானாம். கட்டாயம் வாங்கோ, நானும் இருக்கிறன்."

கண்காட்சியன்று எல்லோரும் வந்தார்கள். அறை கொள்ளவில்லை, குளிர் ஜாக்கெட்டுகள் மூலையில் மலையாகக் குவிந்தன. என் கையைப் பிடித்துச் சூடு பார்த்தவர்களும் உண்டு. அக்கா தன் முகத்துக்குக் கீழே நின்று, "ஓம், நான் சொன்னதுதான்" என்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்.

கடைசியில் என் புதுப் படத்துக்கு வந்தார். கதவடியில் சட்டியோடு அவர்; கீழே, "நீ சாகேல்லையோ?"

படத்துச் சட்டியை விரலால் அளந்தார்.

"சட்டியைச் சின்னனாக் கீறிப்போட்டாய்" என்றார். "அண்டைக்கு நான் பத்துப் பேருக்குச் சமைச்சனான்."