மரக்குதிரைகளை இறக்காத ராட்டினக்காரர்

அறுபதுகளின் ஆரம்பத்தில் நடந்தது இது. அரிமளத்திலிருந்து நாலைந்து மைல் உள்ளே தள்ளி இருந்த ஒரு கிராமத்தில், ஆரம்பப் பள்ளியில் நான் டீச்சர். இருபத்து மூன்று வயது. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம்.

மாசி பிறந்தால் என் வகுப்பில் பாதி காலியாகிவிடும். அறுப்பு நேரம். பிள்ளைகள் கதிர் பொறுக்கப் போய்விடுவார்கள், இல்லையென்றால் ஆடு மேய்க்க. திட்டிப் பார்த்தேன், வீடு வீடாக ஏறி இறங்கிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு யோசனை தோன்றியது.

பங்குனியில் நடக்கும் அம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஒருவர் குடை ராட்டினம் கொண்டுவருவார். நடுவில் ஒரு மரக் கம்பம், அதைச் சுற்றி எட்டு மரக்குதிரைகள், ஆள் கையால் தள்ளினால் சுற்றும். அந்தக் குதிரைகள் என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உயிர். "திருவிழா வரைக்கும் ஒரு நாள்கூட லீவு போடாம வர்றவங்க எல்லாரையும் நானே குதிரையில ஏத்திவிடுறேன்" என்று வகுப்பில் சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான், பெஞ்சு போதவில்லை. ஒரு சிறுமி காய்ச்சலோடு வந்து சுருண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகச் சொன்னால், "லீவு போட்டா குதிரை போயிருமே டீச்சர்" என்று அழுகிறாள். முப்பது பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் ராட்டினக்காரர் தன் தம்பியோடும் மனைவியோடும் இரண்டு மாட்டு வண்டிகளில் வந்து சேர்ந்தார். பள்ளிக்கு எதிரே இருந்த பொட்டலில்தான் எப்போதும் ராட்டினம் போடுவார். ஒரு வண்டியிலிருந்து இறக்கியதெல்லாம் இரும்பு. புத்தம் புதுக் கம்பிகள், சங்கிலியில் தொங்கும் நாற்காலிகள். மதியத்துக்குள் அதை நிறுத்திவிடுவார் போலிருந்தது. இன்னொரு வண்டியைப் படுதா போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். படுதாவுக்கு வெளியே ஒரு குதிரையின் பின்னங்கால் நீட்டிக்கொண்டிருந்தது.

நான் போய்க் கேட்டேன். "குதிரையை எப்ப இறக்குவீங்க?"

"இந்த வருசம் அது ஓடாதுங்க டீச்சர். இதுதான்."

"வண்டியில இருக்கே. ஏன் ஓடாது?"

"ஓடாதுங்க" என்றார் மறுபடியும். என் முகத்தைப் பார்க்காமல் ஒரு திருகாணியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

அந்தப் பார்க்காத முகம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. கைவசம் வைத்துக்கொண்டே இல்லை என்கிறார் என்றால் என்ன அர்த்தம்? ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். இரும்பில் நிறையப் பேரை ஏற்றலாம், பேராசை என்றார் ஒருவர். அடுத்த வாரம் மணமேல்குடிப் பக்கம் பெரிய திருவிழா, அங்கே இறக்கத்தான் பத்திரமாக வைத்திருக்கிறார் என்றார் இன்னொருவர். யாரோ பெரிய வீட்டுக்காரர் குதிரைகளை விலை பேசிவிட்டார் என்றும் பேச்சு. நான் எல்லாவற்றையும் நம்பினேன். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. நேராகப் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"நம்ம ஊருன்னா இளக்காரமாப் போச்சா?" என்று அவரும் கொதித்தார். தலையாரியைக் கூப்பிட்டு, "குதிரையை இறக்கு, இல்லாட்டி இரும்பையும் தூக்கிக்கிட்டு நடையைக் கட்டுன்னு சொல்லிட்டு வா" என்று அனுப்பினார். பெரிதாக ஜெயித்துவிட்ட நினைப்பில் பள்ளிக்குத் திரும்பினேன். நாளைக்குக் குதிரை உண்டு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் போட்ட கூச்சல் பொட்டல்வரை கேட்டிருக்கும்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் ராட்டினக்காரர் பள்ளி வாசலில் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்திருந்தது. "டீச்சர், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. உங்ககிட்ட மட்டும் ஒண்ணு காட்டணும்."

ஏதாவது கொடுத்து என் வாயை அடைக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். வெயிலுக்குக் குடையை எடுத்துக்கொண்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

அவர் படுதாவை அவிழ்த்தார். குதிரைகளைத் தம்பியும் அவருமாக ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினார்கள். அடியில் கிடந்தது அந்த நடுக்கம்பம். மண்ணுக்குள் புதைக்கிற அடிப்பக்கத்தைக் காட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது.

"குடை நுனியை வச்சு இங்கன ஒரு குத்துக் குத்துங்க."

குத்தினேன். நுனி உள்ளே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. மாவு மூட்டையில் குத்தின மாதிரி. வெளியே இழுத்தபோது பொலபொலவென்று மரத்தூள் கொட்டியது. அதில் கரையான்கள் நெளிந்தன.

அப்படியே வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை பிள்ளைகளையும் இதில் ஏற்றிவிடத்தானே காலையிலிருந்து அலைந்திருக்கிறேன்!

"உள்ளுக்குள்ளயே மேல வரைக்கும் ஓடிருக்குங்க. மாத்துறதுக்கு இம்புட்டு நீளத்துல வைரம் பாஞ்ச மரம் கெடைக்கல. அறந்தாங்கியில ஒரு ஆசாரி இருக்காரு, அவருக்கிட்டக் காட்டலாம்னுதான் ஏத்திக்கிட்டு வந்தேன்."

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிங்க சொல்றது? கம்பம் உளுத்துப்போச்சுன்னு சொன்னா, புதுசு எப்ப ஒடிஞ்சு விழுமோன்னுதானே நெனப்பாக? ஒரு பய ஏற மாட்டான். அதோட..." என்று நிறுத்திவிட்டார்.

அவர் நிறுத்திய இடம் எனக்குப் புரிந்தது. போன வருஷமும் இதே கம்பம்தான். இதே பிள்ளைகள்தான். "போன வருஷமே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "லேசா ஒரு சத்தம் கேட்டுச்சுங்க. எண்ணெய் விட்டேன், நின்னுருச்சு. தை மாசம் கழட்டிப் பாக்கையிலதான் தெரிஞ்சுச்சு. அம்மன்மேல சத்தியம்."

அவர் கண் கலங்கியிருந்தது. அது பொய் சொன்ன கலக்கமா, பயந்த கலக்கமா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் அவர் மனைவி அடுப்பு மூட்டிக்கொண்டே எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

வெளியே தெரிந்தால் ஊர் அவரைச் சும்மா விடாது. நான் ஒரு முடிவுக்கு வந்தேன். "வெளியில சொல்லல. ஆனா இந்தக் கம்பம் இன்னொரு ஊர்ல நிக்கக் கூடாது. ஆசாரியும் வேண்டாம், ஒருத்தரும் வேண்டாம். என் கண்ணு முன்னால அறுத்துப் போடுங்க."

அவர் ரம்பத்தை எடுத்துத் தம்பியிடம் ஒரு பிடியைக் கொடுத்தார். அறுத்த துண்டுகளை யார் கண்ணிலும் படாமல் வண்டியில் போட்டுப் படுதாவால் மூடினார்கள். இரும்பு ராட்டினத்தையும் நான் விடவில்லை. ஒவ்வொரு திருகாணியையும் தொட்டுக் காட்டச் சொன்னேன். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே முதலில் ஏறிச் சுற்றினேன். ஊர் பார்த்துச் சிரித்தது.

தலைவரிடம் போய், "குதிரை வேண்டாங்க, இரும்பே இருக்கட்டும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலையில ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சா? என்ன டீச்சர் நடந்துச்சு?"

நான் தரையைப் பார்த்தேன். அப்போதுதான், காலையில் ராட்டினக்காரர் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்று தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் பேச்சு பரவிவிட்டது. டீச்சருக்கு அவன் என்ன கொடுத்தானோ, ஓசியிலே ஏற்றிச் சுற்றிவிட்டானே என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். நான் தண்ணீர் எடுக்கப் போனதும் பேச்சு நின்றது. அது அதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் திருவிழாவில் இரும்பு ராட்டினத்தில் கூட்டம் நெரிந்தது. என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஏறிச் சிரித்தார்கள். காய்ச்சலோடு வந்தாளே, அந்தச் சிறுமி மட்டும் ஏறவில்லை. தரையில் சாய்ந்து கிடந்த ஒரு குதிரைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"கம்பத்தை நீங்கதான் அறுக்கச் சொன்னீங்களா டீச்சர்?"

"ஆமா" என்றேன்.

"எதுக்கு?"

பதில் நுனிநாக்கு வரை வந்தது. போன பங்குனியில் இவள் அதில் எத்தனை தடவை சுற்றினாள் என்பது எனக்குத் தெரியும். இவள் அம்மாவுக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் இறங்கிப் போய்விட்டாள். அடுத்த வாரம் அவள் பெஞ்சில் இல்லை. ஆடு மேய்க்கப் போவதாகச் சொன்னார்கள். அவளைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஆனால் முன்னைப் போல என்னிடம் அவள் பேசவே இல்லை.

நான் வாயை மூடிக்கொண்டது சரியா என்று இப்போதும் தெரியவில்லை. அவர் போன வருஷமே தெரிந்துகொண்டுதான் ஓட்டினாரா என்ற சந்தேகமும் தீரவில்லை. ஆனாலும் ஊரே ஆசையாகப் பழகின ஒன்றை யாராவது திடீரென்று நிறுத்தினால், அந்த ஆள்மேல் பாய்வதற்கு முன்னால், அந்தப் பழசை நாம் ஒரு நாளாவது சந்தேகப்பட்டிருக்கிறோமா என்று என்னையே கேட்டுக்கொள்கிற பழக்கம் அன்றைக்கு வந்ததுதான், இன்றுவரை போகவில்லை.