கழித்த புத்தகங்கள்

சீவலப்பேரி தாண்டி, டவுன் பஸ் திரும்பிவிடும் இடத்திலிருந்து ஆற்றோரமாக உள்ளே போனால் இசக்கியின் ஊர். நடவுக்குப் போவாள், மற்ற நாளில் ரவிக்கை தைப்பாள். பன்னிரண்டாவது வரை படித்தவள் என்பதால், பல்கலைக்கழக நூலகத்து வேன் கிராமங்களுக்குப் புத்தகம் கொண்டுவரத் தொடங்கியபோது அவள் வீட்டு முன்னறையைக் கேட்டார்கள்.

நூலகர் குமரகுருபரன் பேச்சில் கெட்டிக்காரர். "எல்லாம் யுனிவர்சிட்டி சொத்துயம்மா. ஒன்ன நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றார். இசக்கிக்குத் தலைகால் புரியவில்லை. பல்கலைக்கழகத்துக்கே தான்தான் காவல் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தை மடக்கியவளிடம் சண்டைக்குப் போனாள். மீன்குழம்புக் கையோடு தொட்டாள் என்று சொந்த நாத்தனாரோடு ரொம்ப நாள் பேசவில்லை. வேன் வருவது குறைந்து, பிறகு நின்றே போனது. அவள் மட்டும் தூசி தட்டுவதை நிறுத்தவில்லை.

அந்த மார்கழியில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. தண்ணீர் வாசற்படி ஏறியதும் இசக்கி முதலில் புத்தகங்களைத்தான் பரணில் ஏற்றினாள். ஏற்றி முடிப்பதற்குள் இடுப்பளவு தண்ணீர். தையல் மெஷின் மூழ்கிப் போனது.

வெள்ளம் வடிந்ததும், இனி வீட்டில் வைத்தால் ஆபத்து என்று புத்தகங்களைச் சாக்கில் கட்டி, பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்கே கொண்டுபோனாள். நல்லாப் பார்த்துக்கொண்டாய் என்று நூலகர் ஒரு வார்த்தை சொல்லுவார், அது போதும் என்றிருந்தாள்.

குமரகுருபரனுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. தெரிந்ததும் சிரித்தார்.

"இத எதுக்குயம்மா தூக்கிட்டு வந்த? அப்பவே கழிச்ச புத்தகம்லா இது. இடத்த அடைக்குதேன்னுதான் ஒங்க ஊருக்குத் தள்ளிவிட்டோம்."

நூலகத்தில் அது அன்றாடச் சொல். பழசாகிவிட்டது, வேண்டாம் என்று ஒதுக்கியது. இசக்கியின் ஊரில் கழிப்பு என்றால் வேறு. பீடை போகட்டும் என்று தலையைச் சுற்றி முச்சந்தியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவது. அப்படியென்றால் தன் வீடுதான் இவர்களுக்கு முச்சந்தி. நம்பித்தான் விட்டுப் போகிறேன் என்று வாய் கூசாமல் சொன்னாரே மனுஷன்! மெஷின் போனதுகூட அப்படி வலிக்கவில்லை.

"வீட்டுலயே போட்டு வச்சுக்கோ, யாரும் கேக்க மாட்டாவ" என்று அவர் சாக்கைக் காட்டினார்.

"கழிச்சத எவளும் வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போவ மாட்டா சார்."

சாக்கை அவர் மேசையடியில் தள்ளிவிட்டு நடந்தாள். யம்மா, யம்மா என்று படிவரை வந்து கூப்பிட்டார் நூலகர். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.