சனிக்கிழமை விருந்தாளிகள்

வாசலில் கிடந்த இரண்டு ஜோடி பெரிய பூட்ஸைத்தான் அந்த அதிகாரி முதலில் பார்த்தார். அப்புறம் அப்பாவின் பெயர்ப்பலகையைப் பார்த்தார். பிறகு கதவைத் தட்டினார். கதவு திறந்தேதான் இருந்தது.

டெல்லி கோல் மார்க்கெட் பக்கத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எங்களுடையது மாடி வீடு. நடுவில் புல்தரை, நாலு பக்கமும் வீடுகள். அதை ஸ்கொயர் என்போம். புல்தரை என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். நான் கல்லூரி முடிக்கிற வரைக்கும் அங்கே புல்லைவிட உடைந்த வாஷ்பேசினும் செங்கல் குப்பையும்தான் அதிகம்.

எம்.ஏ. படித்துக்கொண்டே சுற்றுலா வழிகாட்டியாகவும் அலைந்த காலம் அது. கனாட் பிளேஸில் பஸ் ஏற்றி, கோட்டையைக் காட்டி, கம்பளக் கடையில் இறக்கி, ஹோட்டலில் கொண்டுபோய் விடும் வேலை எனக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. இத்தனை பேர் வந்து போகிறார்களே, வந்து போன தெருவுக்கு என்ன மிஞ்சுகிறது? காலி பாட்டில்தானே? அவர்கள் போன பிறகு அந்த இடம் முன்னைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தால் என்ன? சைபர் கஃபேயில் உட்கார்ந்து தெரிந்த முகவரிக்கெல்லாம் மெயில் அடித்தேன். சனிக்கிழமை எங்கள் ஸ்கொயருக்கு வாருங்கள். கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியிடம் பராட்டா, எங்கள் வீட்டில் சாப்பாடு, எதிர்வரிசை வங்காளி வீட்டில் டீ. சமையல் செலவு போக மிச்சமெல்லாம் எங்கள் புல்தரைக்கு.

வந்தார்கள்! எனக்கே நம்ப முடியவில்லை. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் செங்கல் குப்பை போய்விட்டது. வேப்பங்கன்றுகளும் அரளியும் வைத்தோம். கடைசியாகப் புல்தரைக்கு ஒரு தண்ணீர்க் குழாய். அதற்குக் கீழ்வீட்டு ஆன்ட்டிதான் வெயிலில் நின்று, "ஜல்தி பையா, ஜல்தி, நான் இங்கேயே கிழவியாகிவிடுவேன்" என்று பிளம்பரை விரட்டி வேலை வாங்கினாள்.

அப்பா மட்டும் மசியவில்லை.

"ஏட்டி, இது சர்க்கார் வீடு. இதுல யாவாரம் நடக்குதுன்னு தெரிஞ்சா அலாட்மென்ட்டையே கேன்சல் பண்ணிருவான்."

"யாவாரம் இல்லப்பா. நமக்கு ஒத்தப் பைசா லாபம் இல்லையே."

"அத எனக்குச் சொல்லுத. அவன்ட்ட சொல்லிப் பாரு."

அப்பா ஓய்வு பெற அதிக காலம் இல்லை. தம்பிக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வீடு போனால் டெல்லியில் வாடகை கொடுத்துக் குடியிருக்க அப்பாவின் சம்பளத்தால் முடியாது. அது தெரிந்தும் அம்மா சனிக்கிழமைகளில் விடியுமுன்பே தேங்காய் துருவ உட்கார்ந்துவிடுவாள். ஊரிலிருந்து வந்த இத்தனை வருஷத்தில், யாரோ அவள் சமையலைக் கேட்டுக்கேட்டுச் சாப்பிட்டது இப்போதுதான். அப்பாவும் அதைப் பார்த்துத்தான் பேசாமல் இருந்தார் என்று நினைக்கிறேன்.

அன்று வந்திருந்தது வெளிநாட்டு ஆசிரியத் தம்பதி. காலை மடக்க வராமல், நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவும் அவர்களோடு உட்கார்ந்து பிசைந்துகொண்டிருந்தார். அப்போதுதான் அந்த அதிகாரி உள்ளே வந்தார்.

"குவார்ட்டர்ஸ் இன்ஸ்பெக்ஷன்" என்றார் இந்தியில். "வாடகைக்கு விட்டிருப்பதாகப் புகார். இவர்கள் யார்?"

அப்பா சோற்றுக் கையோடு எழுந்து நின்றார். வாயிலிருந்த கவளத்தை விழுங்கவும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் வந்தவரை நிற்கவைத்துப் பேச அம்மாவுக்குத் தெரியாது. "பைட்டியே, கானா காயியே" என்று தன் திருநெல்வேலி இந்தியில் உபசரித்து, இன்னொரு தட்டையும் எடுத்துவிட்டாள்.

ஊறுகாய்க் கிண்ணத்தோடு மாடியேறி வந்த கீழ்வீட்டு ஆன்ட்டி, அதிகாரியின் கையிலிருந்த ஃபைலைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"விருந்தாளிகள் ஜி. இந்தப் பெண்ணைப் பார்க்க வந்திருக்கிறார்கள். சம்பந்தம் பேச."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வெள்ளைக்காரப் பையனுக்கா?"

"பின்னே? இவள் வாய்க்கு நம்மவன் எவன் கட்டுவான்?"

அதிகாரியின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. ஆனால் அவர் நேராக அந்த மனிதரிடம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார். இந்தக் குடும்பத்தின் விருந்தாளியா நீங்கள்?

அந்த ஆசிரியர் பூரித்துப்போனார். "பணம் கொடுத்துத்தான் வந்தோம்! எங்கள் பணம் முழுக்க இந்த மக்களுக்கே போகிறது. அதுதான் இதில் அழகே."

என் மெயிலில் இருந்த வாக்கியம். அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார்.

அம்மா கையில் கரண்டி அப்படியே நின்றது. அதிகாரி ஃபைலைத் திறந்தார். நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் அப்பா, "சார், எழுதறதுக்கு முன்னால கீழ வந்து பாத்துருங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் படியிறங்கினார். அவர் அப்படி ஒரு அதிகாரியை இடைமறித்து நான் பார்த்ததே இல்லை.

புல்தரையில் நின்று அப்பா எல்லாவற்றையும் சொன்னார். குப்பை கிடந்த இடம், கன்றுகள், குழாய். பணம் எங்கே போனது என்பது கண்முன்னால் இருந்தது. அதிகாரி கன்றுகளைப் பார்த்துத் தலையாட்டினார். நான் மூச்சுவிட்டேன். அவர் குழாயருகே குனிந்தார்.

"இது மெயின் லைனிலிருந்து வருகிறதே. யார் அனுமதித்தது?"

மரம் வைத்தால் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குக் குழாய் வேண்டும். அதற்குமேல் நான் யோசிக்கவே இல்லை.

"இதுவும் சட்டவிரோதம்தான்" என்றார் அவர். குரலில் இப்போது அதட்டல் இல்லை. "புகாரின் பேரில் வந்திருக்கிறேன். ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போக முடியாது. வீட்டை எழுதட்டுமா, குழாயை எழுதட்டுமா?"

"ரெண்டுமே தப்பில்லையே சார்! குப்பை கிடந்தப்போ ஏன் யாரும் எழுதல?" என்று நான் கத்தினேன்.

"சும்மா இரிட்டி" என்றார் அப்பா. வீடு அவருடையது. குழாய் ஸ்கொயருக்கே பொது. பின்னாலேயே இறங்கி வந்திருந்த ஆன்ட்டியை அவர் பார்த்தார். மாடி பால்கனியிலிருந்து அந்தத் தம்பதி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ கோளாறு என்று மட்டும் அவர்களுக்கு விளங்கியிருந்தது.

ஆன்ட்டி ஊறுகாய்க் கிண்ணத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"குழாயை எழுதுங்க பையா. எழுதிட்டு மேலே வந்து சாப்பிடுங்க, மதராஸி ரசம் ஆறுது."

அவர் எழுதினார். சாப்பிட வரவில்லை. போகும்போது அப்பாவிடம் மட்டும், "இனிமேல் வீட்டுக்குள் வேண்டாம்" என்றார்.

அந்த வாரம் முழுக்கத் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் அம்மா பால்கனிக்கு ஓடினாள். எங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் ஏதும் வரவில்லை. ஆட்கள்தான் வந்தார்கள். குழாயைப் பிடுங்கி, வாயை அடைத்து, மேலே சிமென்ட் பூசிவிட்டுப் போனார்கள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அடுத்த சனிக்கிழமைக்கு ஆறு பேர் வருவதாக மெயில் போட்டிருந்தார்கள். அவர்களிடம் என்ன காட்டுவது? சிமென்டையா?

வரவேண்டாம் என்று எழுதிவிடவா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"வரச் சொல்லு. சாப்பாட்ட உங்கம்மா கீழ கொண்டாந்து போடட்டும்." ஒரு பக்கம் திருப்பினார். "சாப்பிடறதுக்கு முன்னால ஆளுக்கு ரெண்டு பக்கெட் தண்ணி நம்ம வீட்லருந்து கன்னுகளுக்குச் செமக்கணும். அதையும் மெயில்ல எழுதிரு."