சந்தா கட்ட ஒரு மாணவர்

எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவி, இஸ்திரிக்கடை அம்மாள். அவர் வருகிறார் என்றால் தலைமையாசிரியருக்கே கை கால் ஓடாது. கழிப்பறைக் குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் பிடிப்பார், பெஞ்சுக் கால் ஆடினாலும் என்னைத்தான். நான் கணக்கு வாத்தியார். கழகச் செயலாளர் என்று கூடுதலாக ஒரு தலைவலி.

நாள் முழுக்க நின்று அடுத்தவர் சட்டையைத் தேய்க்கிறவரை ஊரார் "ஏம்மா, முடிஞ்சுதா?" என்றுதான் கேட்பார்கள். பள்ளிக்குள் வந்தால் மட்டும்தான் "தலைவி, உட்காருங்க." அந்த நாற்காலியில் அவருக்கு உயிரே இருந்தது.

அதில்தான் புதுச் சட்டம் மண்ணைப் போட்டது. பள்ளியில் படிக்கிற பிள்ளை இல்லாதவரிடம் கழகச் சந்தா வாங்கக் கூடாதாம்; வாங்கினால் வாங்கியவருக்கு அபராதமாம். சந்தா கட்டாதவர் தலைவியாக நீடிக்கவும் முடியாது. அம்மாளின் ஒரே மகன் படித்து முடித்து வேலைக்கே போய்விட்டான். இருந்தாலும் வழக்கம்போல் முதல் ஆளாகச் சந்தாவோடு வந்து நின்றார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பிடிங்க சார்."

"மாட்டேம்மா. சட்டம்."

"கட்டாதவனைப் பிடிக்கச் சட்டம் போடுவாங்க, சரி. கட்ட வந்தவளைப் பிடிக்கவும் ஒரு சட்டமா? எந்த மகராசன் எழுதினான் இதை?"

மேசையில் வைத்துவிட்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடி, பணத்தை அவர் கடையில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

சும்மா விடுகிற ஆளா? சட்டத்தை எழுத்தெண்ணிப் படித்திருக்கிறார். 'பள்ளியில் படிக்கும் ஒருவரின் பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்று இருந்ததே தவிர, படிக்கிறவருக்கு என்ன வயது இருக்க வேண்டும் என்று எழுத அந்தப் புண்ணியவான்கள் மறந்துவிட்டார்கள். மறுவாரமே, ஒன்பதாவதோடு படிப்பை விட்ட தன் புருஷனைக் கையோடு அழைத்து வந்து பத்தாம் வகுப்பில் சேர்த்துவிட்டார். பாதுகாவலர், மனைவி.

பூட்டு ரிப்பேர் செய்கிற மனுஷன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார். "உள்ள வரலாமா சார்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னும். பெற்றோர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி முடித்ததும், அம்மாள் மற்றவர்களோடு வரிசையில் வந்து என் எதிரே உட்காருவார்.

"எங்க வீட்டுக்காரர் எப்படிப் படிக்கிறார்? கிளாஸ்ல பேசறாரா?"

வீட்டுக்காரர் பக்கத்தில் கைகட்டி நிற்பார்.

அவர் படித்தார். அதுதான் வினை. முதலில் திணறினாலும் அல்ஜீப்ரா அவரைப் பிடித்துக்கொண்டது. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் அவர்தான் முதல். எங்கள் பள்ளியோ பத்தாவதோடு சரி. பாஸ் ஆனால் அவர் வெளியே. கூடவே தலைவியும் வெளியே.

அம்மாள் என்னைத் தனியாக மடக்கினார். "சார், எப்படியாவது அவரை ஃபெயிலாக்கி விட்டுடுங்க."

'பாஸ் போடுங்க' என்று அழுத பெற்றோர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கோரிக்கையை என் சர்வீஸில் கேட்டதில்லை.

"அரசுத் தேர்வும்மா. என் கையில ஒண்ணும் இல்ல."

"அப்போ சொல்லிக் குடுக்கறத நிறுத்துங்க!"

கணக்குப் பரீட்சை அன்று காலை, பள்ளி வாசலில் நின்றிருந்தேன். இருவரும் வந்தார்கள். வீட்டுக்காரர் உள்ளே போகாமல் நின்றார்.

"இங்க பாரு, இப்பவே சொல்லிடு. உனக்கு அந்த நாற்காலி வேணும்னா வெறும் பேப்பரைக் குடுத்துட்டு வந்துடறேன். அன்னைக்கு எங்கப்பா போதும்னாரு, நிறுத்தினேன். நீயும் சொல்லு, நிறுத்திடறேன். எனக்குக் கோவமெல்லாம் இல்ல."

அம்மாள் அவர் சட்டைக் காலரை விரலால் நீவிவிட்டார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"பேனா ரெண்டு வச்சிருக்கீங்கல்ல? போங்க. ஒரு கேள்வியக்கூட விட்டுட்டு வரக் கூடாது, சொல்லிட்டேன்."

அவர் தலை மறைந்ததும் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், அவர் மட்டும் பாஸ் ஆகலேன்னா, கழகத்துல தீர்மானம் போட்டு உங்களை வேற ஊருக்குத் தூக்கி அடிச்சுடுவேன். ஆமா!"

தலைவியாக அவர் என்னை மிரட்டியது அதுதான் கடைசி முறை.