மீசை வைத்த மண்டையோடு

காலபோக அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் வீட்டுக்குள் ஏறியதும் எங்கள் பக்கத்து முருங்கன் ஊருக்குக் கானிவல் வந்துவிடும். திருக்கேதீஸ்வரத்துச் சிவராத்திரிக்கு வருகிற சனத்தையும், அந்த நேரம் கையில் கொஞ்சம் காசு புழங்குகிற எங்களையும் ஒரே வீச்சில் பிடிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கானிவல்காரர்கள். தெற்கிலிருந்து லொறிகளில் வருவார்கள். ராட்டினம், கப்பல் ஊஞ்சல், மரணக் கிணறு, பேய் வீடு எல்லாம் கழற்றிப் பூட்டுகிற சாமான்கள், பாதி துருப்பிடித்தவை. ராட்டினத்தில் ஒரு தொட்டியின் கதவைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். கொழும்பிலிருந்து வந்த என் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கோ அக்கா வருசம் முழுக்கக் காத்துக்கொண்டு இருக்கிறியள்?" என்று சிரித்தான். சிரிக்கட்டும். அதைவிட எனக்குப் பிடித்த இடம் உலகத்தில் கிடையாது.

பிடித்துப்போனதற்குக் காரணம் என் மகள்.

சண்டை முடிந்து நாங்கள் அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது அவள் முதலாம் வகுப்பு. ஊர் என்றாலும் பாதி ஊர்தான். வீட்டு வளவுகளையும் றோட்டையும் வயலையும் துப்பரவாக்கி முடித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பற்றை மண்டிய காணிகளில் மிதிவெடி எடுக்கிறவர்கள் இன்னும் குந்தியிருந்து கிளறிக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் முழுக்கச் சிவப்புப் பலகைகள். பலகையில் வெள்ளை மண்டையோடு, அதன் கீழே குறுக்கே இரண்டு எலும்பு. பிள்ளைகளுக்கு அ, ஆ படிப்பிப்பதற்கு முதலே அந்தப் படத்தைத்தான் படிப்பித்தார்கள். மண்டையோட்டைக் கண்டால் நில். ஓடாதே. வந்த காலடியிலேயே திரும்பிப் போ. வீட்டில் நானும் விடவில்லை. சோறு தீத்தும்போது சொன்னேன், தலை இழுத்துப் பின்னும்போது சொன்னேன், நித்திரையாக்கும்போதும் சொன்னேன். அவளும் சொல்வழி கேட்கிற பிள்ளை.

கொஞ்சம் அளவுக்கு மிஞ்சியே கேட்டுவிட்டாள். யாராவது முன்னால் நடந்தால்தான் அவள் நடப்பாள். புல்லில் கால் வைக்கமாட்டாள். மற்றப் பிள்ளைகள் பந்துக்குப் பின்னால் பாயும்போது இவள் ஒற்றையடிப் பாதையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓடவிட்டார்கள். நல்ல நீளக் கால் அவளுக்கு. ஆனால் முன்னால் ஓடிய பிள்ளையின் காலடியில்தான் தன் காலை வைத்து ஓடினாள். முந்தவே இல்லை. சனம் கைதட்டிச் சிரித்தது. நான் கைதட்டவில்லை.

"வளர வளரச் சரிவரும்" என்றார் அவளுடைய அப்பா.

"உங்களுக்கு எல்லாம் தன்பாட்டில சரிவரும். நெல்லும் தன்பாட்டில விளையும், என்ன?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பிள்ளை ஒருதரம், ஒரே ஒருதரம், கண்மண் தெரியாமல் ஓட வேண்டும். எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை. கேதீஸ்வரத்தில் நேர்த்திக்கடனும் வைத்திருந்தேன்.

அந்த முதல் வருடம் கானிவலுக்கு வெயில் தாழத்தான் போனோம். எங்களுக்கு முன்னால் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். பேய் வீட்டுக்கு முன்னால் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. "வாங்க, வாங்க, பேய் ஊடு, பயம் இல்ல!" என்று ஒரு சிங்களப் பெடியன் உடைந்த தமிழில் கூப்பிட்டான். அவனுக்கு மேலே வாசல் உயரத்துக்கு ஒரு பலகை. சிவப்பு நிறம். நடுவில் வெள்ளை மண்டையோடு, கீழே குறுக்கே இரண்டு எலும்பு.

வரிசை அப்படியே நின்றது. என் மகள் என் சேலையைப் பிடித்தாள். "அம்மா, அசையாதேங்கோ" என்றாள், மெதுவாக. பிறகு குனிந்து மணலில் தன் காலடியைத் தேடினாள். தேடிப் பிடித்து, அதிலேயே கால் வைத்துத் திரும்பி நடக்கத் தொடங்கினாள். முன்னால் நின்ற பிள்ளைகளும் அதையேதான் செய்தார்கள். ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் ஓடவில்லை. வாத்தியார்மார் படிப்பித்தது வீண்போகவில்லை. டிக்கெட் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெடியன் வாயைப் பிளந்து நின்றான்.

அவளுடைய அப்பாதான் அவனிடம் போனார். அவருக்குச் சிங்களம் கொஞ்சம் வரும். பலகையைக் காட்டி, நிலத்தைக் காட்டி, "பிம் போம்ப" என்று மட்டும் சொன்னார். அவர்களுடைய மொழியில் மிதிவெடிக்கு அதுதான் பெயர். பெடியனுடைய முகம் செத்துப்போயிற்று. ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினான்.

அடுத்த நாள் சிவராத்திரிச் சனத்தோடு போனபோது பார்க்கிறேன், மண்டையோட்டுக்குப் பெரிய மீசை வரைந்திருந்தார்கள். கன்னங்களைக் கொழுக்க வைத்து, நெற்றியில் சுருள் முடியும் இட்டு, எலும்பு இரண்டையும் கழுத்துப் பட்டியாக்கியிருந்தார்கள். பேய் வீட்டு வாசலில் நன்றாகச் சாப்பிட்ட ஒரு முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார். "உள்ளுக்க பேயோ, கடையோ?" என்று ஒருவர் கேட்டார். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தேன். அந்தப் பெடியன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த அன்பு இன்னும் போகவில்லை.

ஆனால் மகள் பேய் வீட்டுக்குள் போகவில்லை. மீசை வைத்தாலும் மண்டையோடு மண்டையோடுதான் என்பது அவள் கணக்கு. ராட்டினத்தில் ஏறினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைக் கட்டிப்பிடித்திருந்தேன். தொட்டி உச்சிக்குப் போய் நின்றதும் பக்கத்தில் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். அவள் இரண்டு காலையும் வீசி ஆட்டிக்கொண்டு சிரிக்கிறாள். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் தூரத்தில் மினுங்குகிறது. வீட்டில் அப்படி வாய் விட்டு அவள் சிரித்து நான் கண்டதில்லை.

"பயமில்லையோ பிள்ளை?"

"இல்லை அம்மா. இங்க கால் நிலத்தில படாதெல்லோ?"

இறங்கியதும் அவருடைய சட்டைப் பையில் கையை விட்டு, மிச்சம் இருந்ததற்கெல்லாம் டிக்கெட் எடுத்தேன்.

பிறகு ஒரு வருடமும் விடவில்லை. கப்பல் ஊஞ்சல், குதிரை ராட்டினம், சங்கிலியில் தொங்கிச் சுற்றுகிற கதிரை, எல்லாவற்றிலும் ஏறினாள். பஞ்சுபோன்ற தும்பு முட்டாசு மூக்கில் ஒட்ட நின்று மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓடுவதைப் பார்ப்போம். அந்தப் பெடியனுக்குத் தொப்பை வைத்தது, தமிழும் வந்தது. எங்களைக் கண்டால் "அக்கா, மீசை பாத்தீங்களா?" என்று கேட்பான். வருடா வருடம் அதற்குப் புதுப் பூச்சுப் பூசுவார்கள். ஊரில் சிவப்புப் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் பள்ளிக்கூடத்துப் பின்காணியில் ஆட்கள் குடிவந்து கத்தரி நட்டார்கள். என் மகள் மட்டும் ஒரு ராட்டினத்தால் இறங்கி மற்றதுக்குப் போகும்போது என் பின்னால், என் காலடியில்தான் வந்தாள். என் உயரத்துக்கு வளர்ந்த பிறகும் அப்படித்தான். நானும் நேர்த்தியைப் புதுப்பித்துப் புதுப்பித்துச் சலித்துப்போனேன்.

அவள் ஏழாம் வகுப்புப் படித்த வருடம் மழைத் தண்ணீர் வழமையான இடத்தில் வடியாமல் நின்றதால் கானிவலை றோட்டுக்கு மற்றப் பக்கம் போட்டார்கள். அங்கே போக நேர் வழி இல்லை. நடுவில் அறுத்த வயல், வெறும் ஒட்டு, நெல்லின் அடிக்கட்டை. வரம்பால் சுற்றித்தான் போக வேண்டும். நான் முன்னுக்கு நடந்தேன். கொஞ்சத் தூரம் போயிருப்போம், புதிதாக வந்திருந்த பெரிய ராட்டினத்தில் ஒரே தரத்தில் விளக்கெல்லாம் பற்றியது. இன்னும் பொழுது படவில்லை, ஆனாலும் வடிவாகத்தான் இருந்தது.

பின்னால் காலடிச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் பிள்ளை வரம்பில் இல்லை. வயலுக்கு நடுவில் ஓடுகிறாள். செருப்பு ஒன்று கழன்று பறக்கிறது. பாவாடையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, குறுக்காக, முன்னால் ஒருவர் காலடியும் இல்லாத நிலத்தில், கண்மண் தெரியாமல் ஓடுகிறாள்.

"நில்லடி!" என்று கத்தினேன். "பிள்ளை, நில்! ஓடாதை!"

வேறு எந்தச் சொல்லும் எனக்கு வரவில்லை. வரம்பிலேயே குந்திவிட்டேன். அந்த வயல் ஒவ்வொரு போகமும் உழுது விதைத்த வயல், அதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன்.

"விடப்பா, ஓடட்டும்" என்றார் அவர்.

அவள் நிற்கவில்லை. பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல்தரம் என் சொல் கேட்கவில்லை. அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்வது, வாயைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். அக்கரையில் போய் நின்று, மூச்சு வாங்க, இரண்டு கையையும் ஆட்டி, "கெதியா வாங்கோ, சனம் கூடுது!" என்று கூப்பிட்டாள்.

அவர் வயலுக்குள் இறங்கி, வழியில் கிடந்த செருப்பைப் பொறுக்கிக்கொண்டு அவளிடம் நேரே போனார். நான் வரம்பால் சுற்றித்தான் போய்ச் சேர்ந்தேன்.