உப்புத் தண்ணீர்த் தக்காளி

திருப்பாலைக்குடிப் பக்கம் ஒரு கண்ணாடிக் கூடாரத்தில் அந்த ஆராய்ச்சியாளரைப் பார்த்தேன். ஒல்லியான அம்மாள். செடியைத் தொட்டுவிட்டால் உடனே பல் துலக்கும் பிரஷ்ஷால் நகக்கண்ணைத் தேய்ப்பார், ஒரு விதைகூட வெளியே போய்விடக் கூடாதாம். கடலோர உப்புச் சேற்றில் வளரும் அலையாத்தி மரத்தின் மரபணுவைப் பாக்டீரியா மூலம் தக்காளிக்குள் செலுத்தியிருந்தார். உப்புத் தண்ணீரிலேயே செடி காய்த்துப் பழுத்திருந்தது. கட்டுரை எழுதப் போயிருந்த நான் புரிந்ததுபோல் தலையாட்டினேன்.

பார்க்க வந்திருந்த பக்கத்து ஊர் விவசாயி கேட்டார்: "ஒரு பழம் தாங்கம்மா. எங்க கெணறு உப்பாயிருச்சு, வெதச்சுப் பாக்குறேன்."

"சோதன முடியலய்யா. தின்னா என்ன ஆகும்னு எனக்கே தெரியாது."

"திங்காட்டி என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்மா."

அம்மாள் சோதனைக்கான விதையைப் பூட்டி வைத்துவிட்டு, மிச்சப் பழங்களை விதிப்படி எங்கள் கண்முன்னாலேயே எரித்தார்.

அவர் செய்தது சரிதான் என்று கட்டுரையில் எழுதினேன். அன்று அந்த விவசாயி ஏறிய பஸ்ஸில் ஏறத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.