ஒரே நாளில் எத்தனை எம்.டி.!

எனக்கு யாரையும் சட்டென்று நம்பும் வழக்கம் கிடையாது. கம்ப்யூட்டரை அறவே கிடையாது. வங்காளத்தில், கார்டன் ரீச் பக்கம் ஒரு வெல்டிங் கம்பெனியில் ரிப்போர்ட் தயாரிப்பது என் வேலை. ஒருநாள் காலையில் நுழைந்ததும் நுழையாததுமாக மேனேஜர் கல்யாணராமன் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நமக்கு எத்தனை எம்.டி.? 'மேனேஜிங் டைரக்டர் சலீம்'னு ரிப்போர்ட்ல போட்டிருக்காம். கஸ்டமர் போன் பண்ணிச் சிரிக்கறான்!"

சலீம் எங்கள் வெல்டர், கான்ட்ராக்ட் ஆள். முந்தின நாள் ஒரு தேதியைத் திருத்தச் சொல்லி என் மேசைக்கு வந்திருந்தார். அது போதாதா சாருக்கு?

"அவன்தான் கை வெச்சிருக்கான். இனிமே அவனுக்கு கான்ட்ராக்ட் கிடையாது."

வாசலில் நின்ற சலீம், அக்காவை 'தீதி' என்று கூப்பிடும் வங்காள மொழியில் கெஞ்சினார். "தீதி, எனக்கு டைப் அடிக்கவே தெரியாது. வேலை போனா வீட்ல அடுப்பெரியாது."

எனக்கும் அவர்மேல் சந்தேகம்தான். ஆனால் ஃபைலைத் திறந்தால், 'டைரக்டர்' பக்கத்தில் ஒரு புள்ளி. பதவிக்குப் பின்னால் யார் புள்ளி வைப்பார்கள்? இந்த ஊரில் முகமதுவைச் சுருக்கி Md. என்று எழுதுவார்கள். அந்தப் புள்ளி!

ஒரே அமைப்பில் இருப்பதையெல்லாம் தேட, தேடல் பெட்டியில் வைல்ட்கார்டு டிக் போட்டேன். மேனேஜிங் டைரக்டர், புள்ளி, இடைவெளி, ஏதாவது ஒரு கேப்பிடல் எழுத்து: இதுதான் பேட்டர்ன். தேடினால் யூசுப், ரஃபீக் என்று அத்தனை முகமதுவும் எம்.டி. ஆகியிருந்தார்கள்.

"சார், எம்.டி.ங்கறதை விரிச்சுப் போட்டது யாரு?"

"நான்தான். முதலாளி சொன்னார், ரீப்ளேஸ் ஆல் அமுக்கினேன். அதுக்கென்ன?"

"மேட்ச் கேஸ் டிக் போட்டேளா? இல்லேன்னா பெரிய எழுத்து MD-யும் முகமதுவோட Md-யும் அதுக்கு ஒண்ணுதான்."

"சரி, திருப்பி ரீப்ளேஸ் ஆல் அமுக்கிடு," என்று சார் மவுஸைப் பிடித்தார்.

"ஐயோ, கையை எடுங்கோ!" நிஜ எம்.டி.யின் பதவியோடு ஒரு வாக்கியம் முடிந்தாலும் அதே புள்ளி, அதற்கடுத்து அதே கேப்பிடல். அவரும் முகமது ஆகிவிடுவார். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றினேன்.

சலீமின் கான்ட்ராக்ட் அன்றே கையெழுத்தானது. சார் பேனாவை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார். சலீம்தான் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "தீதி, சாரை யாரும் ஏன் சந்தேகப்படலை?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சந்தேகப்படுவதானால் எல்லோரையும் சந்தேகப்படு. மேனேஜர் நாற்காலியிலிருந்து ஆரம்பி.